காயத்துக்கு எந்த மருந்து?

அரிவாள்மணையில் விரல் வெட்டிவிட்டது. ரத்தம் வருகிறது. வீட்டில் எல்லோரும் ஓடி வருகிறார்கள். ஒருவர் காப்பித்தூளை எடுக்கிறார். ஒருவர் மஞ்சளைத் தேடுகிறார். பாட்டி சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கிறார். டெட்டால் எங்கே என்று பையன் கத்துகிறான். தண்ணீர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் வேண்டியது தண்ணீர்தான். அது ஏன்?

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அங்கே ஏரவாடா என்று ஓர் இடம். ஏரவாடாவில் பெரிய சிறைச்சாலை உண்டு. 1922இல் காந்தியடிகளுக்கு ஆறு ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அவரை அந்தச் சிறையில் அடைத்தார்கள். 1924 ஜனவரியில் அவருக்குக் கடுமையான வயிற்று வலி வந்தது. குடல்வால் பழுத்துவிட்டது. ஜனவரி 12ஆம் நாள் புனேயில் உள்ள சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அன்று இரவே அறுவை சிகிச்சை. செய்தவர் கர்னல் மேடக் என்ற ஆங்கிலேய டாக்டர். காந்தி சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் இருந்தவர் ஒரு தமிழர். அவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி.

சிகிச்சை நடக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். காந்தி பிழைத்தார். பிப்ரவரி 5ஆம் நாள் அரசு அவரை விடுதலை செய்தது.

அந்தக் காலத்தில் பென்சிலின் கிடையாது. அதைக் கண்டுபிடித்ததே 1928இல்தான். வயிற்றைக் கிழித்தால் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம். டாக்டர்கள் பெரிதும் நம்பியது சுத்தத்தைத்தான். கையைத் தேய்த்துக் கழுவினார்கள். கருவிகளைக் கொதிக்க வைத்தார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் லிஸ்டர் என்ற டாக்டர். 1865இல் கிளாஸ்கோ நகரில் 11 வயதுப் பையன் ஒருவனின் காலில் வண்டிச் சக்கரம் ஏறியது. எலும்பு முறிந்து தோலைக் கிழித்து விட்டது. இப்படிப்பட்ட காலை அப்போது வெட்டி எடுப்பது வழக்கம். லிஸ்டர் வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்த அமிலம் தோலையும் புண்ணாக்கியது. டாக்டர்களின் கைகளையும் அரித்தது.

இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிருமியைக் கொல்கிற மருந்துக்குக் கிருமி எது, சதை எது என்று எப்போதும் தெரியாது. கூடிவரும் புதுச் சதையையும் அது கெடுக்கலாம். எரிந்தால்தான் நல்ல மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. ஸ்பிரிட் எரிவது சதை நோவதால்தான். ஊசி போடும் முன் நல்ல தோலைத் துடைக்கத்தான் ஸ்பிரிட். நுரைக்கிற பெராக்சைடு மருந்தும் அப்படியே. நுரை பார்க்க நன்றாக இருக்கும். காயம் ஆறுவது தாமதமாகும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியால் காயத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். ரத்தம் நின்றதும் குடிக்கிற தண்ணீரை ஓடவிட்டுக் காயத்தைக் கழுவுங்கள். மண், தூசி எல்லாம் போகட்டும். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்புப் போடலாம். சிறிய காயத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும். பிறகு சுத்தமான துணியால் கட்டுங்கள். தினமும் கட்டை மாற்றுங்கள்.

மருந்து வேண்டும் என்றால் போவிடோன் அயோடின் நல்லது. பெட்டாடின் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும். பழுப்பு நிறம். அதிகம் எரியாது. கொஞ்சமாகப் போட்டால் போதும். தைராய்டு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

டெட்டாலை அப்படியே ஊற்றக் கூடாது. தண்ணீரில் கலக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் என்று பாட்டிலில் சிறிய எழுத்தில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். பினாயில் பாட்டிலைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பினாயில் தரைக்கு.

காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சமையல் மஞ்சளும் கிருமி இல்லாதது அல்ல. சாணியும் மண்ணும் மிக ஆபத்து. டெட்டனஸ் என்ற இசிவு நோய்க் கிருமி அங்கேதான் வாழ்கிறது. துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஊசி என்று நினைக்க வேண்டாம். முள் குத்தினாலும் அந்தக் கிருமி உள்ளே போகலாம். எந்த டெட்டாலும் அதற்குக் காவல் அல்ல. காயம் அழுக்கானதா? கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம். இப்போது அதில் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது.

நாய் கடித்தால் கதை வேறு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கட்டுப் போட வேண்டாம். காயம் சிறியதுதானே என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா? வீங்குகிறதா? சீழ், காய்ச்சல் வருகிறதா? அப்போதும் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் காயம் பட்டால் வலியே தெரியாமல் இருக்கலாம். அவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சொல்லலாம்.