கடலோர வீட்டில் சில நாள்

ஈப்போ நகரை ஒட்டியுள்ள குனோங் ராபாட், சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பெயர் பெற்ற இடம். அக்குன்றுகளின் குகைகளில் சாம் போ தோங், கெக் லோக் தோங் ஆகிய கோயில்கள் அமைந்துள்ளன. இக்குன்றுகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலுக்கடியில் உருவானவை. பவளங்கள், சிப்பிகள் முதலிய கடல் உயிரிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிப் பாறையாயின. இன்று குனோங் ராபாட்டில் வாழ்வோர் கடலைக் காண வேண்டுமானால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பயணம் செய்து லூமுட்டை அடைய வேண்டும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பல குடும்பங்கள் அப்பயணத்தை மேற்கொள்கின்றன.

சம்பளத்துடன் கூடிய விடுமுறை எல்லாருக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1936ஆம் ஆண்டில்தான் அதற்கான உடன்படிக்கையை ஏற்றது. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஆண்டு விடுப்பின் குறைந்த அளவை வரையறுத்துள்ளது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள் என்பது அதன் கணக்கு. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்ற தலைமுறைக்கு, குடும்பத்தோடு கடற்கரையில் சில நாள் தங்குவது எட்டாத ஒன்றாகவே இருந்தது. ஆகவே, இன்று கிடைக்கும் விடுமுறை நாள் ஒவ்வொன்றும் மதிப்புடையது. அதனை நன்கு பயன்படுத்தத் திட்டமிடல் தேவை.

கடலோர விடுமுறையில் இக்காலத்தில் பரவலாகிவரும் ஒரு முறை, தனி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்குவதாகும். துருக்கி நாட்டின் தென்மேற்குக் கரையிலுள்ள கல்கான், ஃபெத்தியே போன்ற ஊர்கள் இத்தகைய விடுமுறை வீடுகளுக்குப் பெயர் பெற்றவை. ஐரோப்பாவிலிருந்து வரும் குடும்பங்கள் கடலைப் பார்த்தபடி அமைந்த வீடுகளில் தங்கி, தாங்களே சமைத்து உண்டு, அருகிலுள்ள கடற்கரைகளுக்குச் சென்று வருகின்றன. பேராக்கிலும் லூமுட், தெலுக் பாத்தேக், பங்கோர் தீவு ஆகிய இடங்களில் இவ்வசதி உண்டு.

விடுதி அறைக்கும் விடுமுறை வீட்டிற்கும் வேறுபாடுகள் உள்ளன. விடுதியில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி அறையில் தங்கும். உணவைப் பெரும்பாலும் வெளியில் வாங்க வேண்டும். வீட்டிலோ தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, பிள்ளைகள் என அனைவரும் ஒரே கூரையின்கீழ் தங்கலாம். செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் வாடகை ஓர் இரவுக்கு 600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 50 ரிங்கிட்தான் ஆகும். நால்வர் மட்டும் தங்கினால் ஒருவருக்கு 150 ரிங்கிட் ஆகிவிடும். எனவே, கூட்டுக் குடும்பமாகச் செல்வோருக்கு வீடு சிக்கனமானது. சிறு குடும்பத்திற்கு விடுதி அறையே போதுமானதாக இருக்கலாம். முன்பணம் செலுத்துவதற்கு முன், எத்தனை பேர் தங்க அனுமதி, வைப்புத்தொகை எவ்வளவு, படிக்கட்டு ஏற இயலாத முதியவருக்குக் கீழ்த்தளத்தில் அறை உண்டா, நீச்சல் குளமிருந்தால் சிறுவர் தனியே செல்ல முடியாதவாறு வேலி உள்ளதா என்பனவற்றைக் கேட்டறிய வேண்டும்.

நல்ல விடுமுறைக்கு மூன்று தன்மைகள் இருக்க வேண்டும். அது குடும்பத்தில் உள்ள அனைவருக்கும் ஓய்வாக அமைய வேண்டும்; கடலில் யாருக்கும் ஆபத்து நேராததாக இருக்க வேண்டும்; சென்ற இடத்திற்குத் தீங்கு விளைவிக்காததாகவும் இருக்க வேண்டும்.

முதலாவது, அனைவருக்கும் ஓய்வு. வாடகை வீட்டில் அடுப்பும் பாத்திரங்களும் இருப்பதால் சமைப்பது எளிது. ஆயினும், வீட்டில் அன்றாடம் சமைக்கும் அம்மாவே அங்கும் காலை முதல் இரவு வரை சமைத்துக்கொண்டிருந்தால், அவருக்கு அது விடுமுறையாகாது. வேலை செய்யும் இடம் மட்டுமே மாறியிருக்கும். ஆகவே, புறப்படுவதற்கு முன்பே வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வது நன்று. காலை உணவை ஒரு குடும்பம், இரவு உணவை மற்றொரு குடும்பம், பாத்திரம் கழுவுவதையும் கூட்டுவதையும் வளர்ந்த பிள்ளைகள் என முறை வைத்துக்கொள்ளலாம். ஒருவேளை உணவை அருகிலுள்ள கடையில் உண்டால் அவ்வூர் வணிகர்களுக்கும் வருமானம் கிடைக்கும்.

லூமுட் படகுத்துறையிலிருந்து பங்கோர் தீவுக்குப் பயணிகள் படகுகள் செல்கின்றன. தீவை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவன மீனவர் குடியிருப்புகளாகும். தீவின் கிழக்குக் கரையில் மீன்பிடி ஊர்களும் மேற்குக் கரையில் பாசிர் போகாக், தெலுக் நிப்பா போன்ற மணற்கரைகளும் உள்ளன. பிடித்த நெத்திலியை உப்பு நீரில் அவித்து வெயிலில் உலர்த்துவது இத்தீவின் நெடுநாளைய தொழில். தீவினுள் இளஞ்சிவப்பு நிற வாடகை வேன்கள் ஓடுகின்றன. தெலுக் கெடோங் என்னுமிடத்தில் டச்சுக்காரர்கள் 1670ஆம் ஆண்டில் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. பேராக்கின் ஈய வணிகத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவே அவர்கள் அதைக் கட்டினர். சுங்கை பினாங் கெச்சிலில் கடலோரமாக ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம் உள்ளது. மாசி மகத்தன்று பல ஊர்களிலிருந்தும் பக்தர்கள் படகேறி அங்கு வருகின்றனர். ஆக, விடுமுறைக்கு வருவோர் கடற்கரையாகக் காணும் இடம், பலருக்குத் தொழிற்களமாகவும் வழிபாட்டு இடமாகவும் விளங்குகிறது.

பயணத்திற்கு ஏற்ற காலத்தையும் அறிந்திருக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையைக் கடுமையாகத் தாக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளின் விடுதிகள் பல அக்காலத்தில் மூடப்படும். நாட்டின் நடுவே உயர்ந்து நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் அக்காற்றைத் தடுப்பதால் மேற்குக் கரையில் அதன் வேகம் குறைவு. எனவே, ஆண்டு இறுதியிலும் லூமுட்டுக்கும் பங்கோருக்கும் செல்லலாம். ஆயினும், மலாக்கா நீரிணையில் திடீர்ப் புயற்காற்றும் இடியுடன் கூடிய மழையும் தோன்றுவதுண்டு. வானிலை அறிக்கையைப் பார்த்த பின்னரே படகேற வேண்டும். இடி கேட்டால் உடனே நீரைவிட்டு வெளியேற வேண்டும்.

இரண்டாவது, கடலில் பாதுகாப்பு. ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. கடலின் ஆழம் நிலையாக இருப்பதில்லை. பேராக் கரையில் ஒரு நாளில் நீர் இருமுறை ஏறி, இருமுறை இறங்கும். காலையில் சிறுவர்களின் முழங்கால் அளவு இருந்த இடம், பிற்பகலில் அவர்களின் தலையை மூழ்கடிக்கக்கூடும்.

அலை மிகுந்த கடற்கரைகளில் இழுவை நீரோட்டம் மற்றோர் ஆபத்தாகும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப வேண்டும். அது சில வேளைகளில் ஒரு குறுகிய பாதை வழியாக வேகமாகத் திரும்பும். அப்பாதையில் அலைகள் உடைவது குறைவு. நீர் அமைதியாகத் தோன்றும். அதனால், ஆபத்தான இடத்தையே பாதுகாப்பான இடம் என்று நம்பி இறங்குவோர் உண்டு. நீரோட்டத்தில் சிக்கியவர் கரையை நோக்கி அதை எதிர்த்து நீந்தினால் விரைவில் களைத்துப் போவார். பதற்றமடையாமல் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த இயலுமானால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தைவிட்டு விலகிய பின் கரையை நோக்கித் திரும்ப வேண்டும்.

நீரில் மூழ்குபவர் கூச்சலிடுவார், கையசைப்பார் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், மூச்சுக்குப் போராடும் ஒருவரால் பெரும்பாலும் குரல் எழுப்ப முடியாது. கரையில் பத்துப் பெரியவர்கள் அமர்ந்திருக்கும்போதே ஒரு குழந்தை ஓசையின்றி மூழ்கிவிடலாம். ஒவ்வொருவரும், ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று இருந்துவிடுவதே இதற்குக் காரணம். எனவே, கூட்டமாகச் செல்லும் குடும்பம், ஒரு நேரத்தில் இன்னார்தாம் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும் என்று முறை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அந்நேரத்தில் கைப்பேசியைப் பார்க்கக்கூடாது. சிறு குழந்தைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு இடையே மட்டும் நீந்தலாம். சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கக்கூடாது. ஒருவர் மூழ்குவதைக் கண்டால், பயிற்சி பெறாதவர் தாமும் குதித்துவிடாமல், மிதக்கும் பொருள் ஒன்றை அவரை நோக்கி வீசி, 999 எண்ணை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, இடத்திற்குத் தீங்கு செய்யாமை. லூமுட்டுக்கு வடக்கேயுள்ள செகாரி கடற்கரை, பச்சைக் கடலாமைகள் முட்டையிடும் இடமாகும். அங்கு ஆமை முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கச் செய்யும் நிலையம் ஒன்று செயல்படுகிறது. தாய் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிட்டுச் செல்லும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சுகள் பொரித்து, பெரும்பாலும் இரவிலேயே வெளிவரும். வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி நகர்வது அவற்றின் இயல்பு. இருண்ட கரையில் வானொளி படும் கடற்பரப்பே வெளிச்சமாக இருக்கும்; ஆகவே, குஞ்சுகள் கடலைச் சென்றடையும். கரையோர வீடுகளின் விளக்குகள் எரிந்தால், அவை கடலுக்கு மாறாக அவ்விளக்குகளை நோக்கிச் சென்று, வழிதவறி மடியும். விடுமுறை வீட்டின் வாசலில் தேவையின்றி எரியும் ஒரு விளக்கு இத்தகைய விளைவை ஏற்படுத்தக்கூடும்.

துருக்கியின் தால்யான் ஊருக்கு அருகிலுள்ள இஸ்துசு கடற்கரையும் இச்சிக்கலைச் சந்தித்தது. சுமார் நான்கரை கிலோமீட்டர் நீளமுள்ள அம்மணற்கரை பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடும் இடமாகும். 1980களில் அங்கு ஒரு தங்கும் விடுதி கட்டத் திட்டமிடப்பட்டது. இயற்கை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1988ஆம் ஆண்டில் அப்பகுதி சிறப்புச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று சுற்றுப்பயணிகள் அங்குப் பகலில் நீந்தி மகிழ்கின்றனர். முட்டையிடும் பருவத்தில் இரவு நேரங்களில் கடற்கரை மூடப்படுகிறது. அதனால், பகலில் மனிதர்களும் இரவில் ஆமைகளும் அதைப் பயன்படுத்த முடிகிறது. சுற்றுலாவையும் இயற்கையையும் சேர்த்துக் காக்க இயலும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

பங்கோரிலும் இதே பொறுப்பு வேண்டும். தெலுக் நிப்பாவில் இருவாச்சிப் பறவைகளை அருகிலேயே காணலாம். குரங்குகளுக்கு உணவளித்துப் பழக்கினால் அவை பின்னர் வீடுகளுக்குள் புகுந்து உணவைப் பறிக்கத் தொடங்கும். நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் கரையில் விட்டுச் செல்லக்கூடாது. இரவில் உரத்த இசையைத் தவிர்க்க வேண்டும். அடுத்த வீட்டில் விடியுமுன் மீன்பிடிக்கச் செல்லும் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். வீட்டை ஒப்படைக்கும்போது, உறவினர் வீட்டில் தங்கிச் செல்வது போல் கூட்டிப் பெருக்கி, குப்பையை அகற்றி, விளக்கையும் நீர்க்குழாயையும் அடைத்துவிட்டுப் புறப்படுவதே பண்பு.

வாடகை கொடுத்துவிட்டதால் வீடு சில நாளுக்கு நம்முடையதாகலாம்; கடலும் கரையும் அவ்வாறு ஆகிவிடுவதில்லை. அங்கு வாழும் மீனவர்களுக்கும் பிற உயிர்களுக்கும் நாம் விருந்தினரே. விருந்தினராக நடந்துகொள்ளும் குடும்பம், யாரையும் இழக்காமல், எதையும் கெடுக்காமல், களைப்பு நீங்கி வீடு திரும்பும். மறு ஆண்டும் அக்கடற்கரை அவர்களுக்காகத் தூய்மையாகக் காத்திருக்கும்.