வரிசை தேடிய சாங்கர்

பயோகெமிஸ்ட்ரி பற்றிய கட்டுரை என்றதும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி, ஜோக்ஸ் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம். நமக்கு இந்தப் பாடம் கிடையாது; பரீட்சையில் வராது; வைவாவிலும் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் கெமிக்கல் பிரிவு மாணவனான நான் எழுதத் துணிந்தேன்.

பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். 'வேதியியலுக்காக இரண்டு முறை நோபல் பரிசு பெற்றவர் யார்?' விடை: ஃபிரெடரிக் சாங்கர், 1958 மற்றும் 1980. (2022ல் பாரி ஷார்ப்ளெஸ் என்ற அமெரிக்கரும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார். அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்திருப்பவர்கள் திருத்திக் கொள்ளவும்!) நாமும் மனப்பாடம் பண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவி விடுகிறோம். எதற்காக வாங்கினார், எப்படி வாங்கினார் என்று அந்தப் புத்தகம் சொல்லாது. தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு முறையும் அவர் பரிசு வாங்கியது ஏறக்குறைய ஒரே மாதிரி வேலைக்குத்தான். ஒரு நீளமான சங்கிலியில் எதற்குப் பிறகு எது வருகிறது என்று வரிசை கண்டுபிடிக்கும் வேலை. அதற்கு ஏற்கெனவே வழி எதுவும் இல்லாததால், வழியையும் அவரே லேபில் நின்று உண்டாக்கினார்.

சாங்கர் 1918 ஆகஸ்ட் 13ல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா டாக்டர். பையனும் டாக்டராவான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவரோ கேம்பிரிட்ஜில் பயோகெமிஸ்ட்ரி பக்கம் போய்விட்டார். அங்கே படிக்கும்போதே அப்பா, அம்மா இருவரையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். குவேக்கர் என்ற அமைதி வழிக் கிறிஸ்தவ மரபில் வளர்ந்தவர் என்பதால் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, படிப்பைத் தொடர்ந்தார். 1943ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருடம் சிப்னல் என்ற பேராசிரியரின் குழுவில் சேர்ந்தார். அவர் கொடுத்த வேலை: இன்சுலினைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்!

ஏன் இன்சுலின்? ஓரளவு சுத்தமாக, கடையிலே விலைக்குக் கிடைத்த மிகச் சில புரதங்களில் அதுவும் ஒன்று. அவ்வளவுதான் காரணம். இன்றைக்கு நம்ம தெருவில் எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே இன்சுலின்தான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோர்த்த சங்கிலி என்று அப்போதே தெரியும். அமினோ அமிலங்களில் 20 வகை. ஆனால் சங்கிலியில் அவை ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் இருக்கின்றனவா, அல்லது குத்துமதிப்பாக மாறி மாறி இருக்கின்றனவா? இது யாருக்கும் தெரியாது. நிலையான வரிசையே கிடையாது என்று நினைத்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள்.

ஒரு கூட்ஸ் வண்டியைக் கற்பனை பண்ணிக் கொள்ளுங்கள். பெட்டிகளில் 20 மாடல். இருட்டில் நிற்கும் வண்டியின் பெட்டி வரிசையை நாம் கண்டுபிடிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரே வித்தை, அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைத்து எல்லா கப்ளிங்கையும் கழற்றி விடுவது. அப்புறம் எண்ணிப் பார்த்தால் எந்த மாடலில் எத்தனை பெட்டி என்று தெரியும். வரிசை? அதுதான் கழன்று போச்சே!

சாங்கர் என்ன செய்தார் தெரியுமா? கழற்றுவதற்கு முன்னால் முதல் பெட்டியின் முகப்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தார். அந்தப் பெயின்டின் பெயர் ஃபுளூரோ டைநைட்ரோபென்சீன். சங்கிலியின் தொடக்க முனையில் சும்மா இருக்கும் அமினோ தொகுதியோடு அது கெட்டியாக ஒட்டிக் கொள்ளும். அமிலத்தில் கொதித்தாலும் பெரும்பாலும் கழன்று விடாது. இப்போது எல்லாவற்றையும் பிரித்தால், மஞ்சளாக இருப்பதுதான் முதல் பெட்டி. இன்சுலினில் பார்த்தால் இரண்டு விதமான மஞ்சள் பெட்டிகள் கிடைத்தன. ஒன்று பினைல் அலனின், இன்னொன்று கிளைசின். அப்படியென்றால் நிற்பது ஒரு வண்டி இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி! இரண்டையும் கந்தகப் பாலங்கள் இணைத்திருந்தன. பாலத்தை வேறொரு அமிலத்தால் வெட்டிப் பிரித்தார். ஒன்றில் 30 பெட்டி, மற்றதில் 21.

முதல் பெட்டி தெரிந்து விட்டது, சரி. மற்றவை? இங்கேதான் மனுஷனின் பொறுமை. முழுசாகக் கழற்றாமல், இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்த துண்டுகளாக உடைத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி பெயின்ட், மறுபடி உடைப்பு. ஒரு துண்டில் பினைல் அலனினுக்குப் பின் வாலின். இன்னொரு துண்டில் வாலினுக்குப் பின் அஸ்பார்டிக் அமிலம். மற்றொன்றில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பின் குளூட்டமிக் அமிலம். ஒன்றின் வாலும் அடுத்ததின் தலையும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒட்டிக் கொண்டே போனால் முழு வண்டியும் கிடைத்து விடும். கிழிந்த கடிதத்தை ஒட்டி வைத்துப் படிப்பது போல.

சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு? துண்டுகளைப் பிரித்து அடையாளம் காண அவரிடம் இருந்த முக்கியக் கருவி ஃபில்டர் பேப்பர். மார்ட்டின், சிஞ்ச் என்ற இருவரின் வழியில் வந்த பேப்பர் குரோமட்டோகிராஃபி. இங்க் பொட்டு வைத்து, பேப்பர் நுனியைத் தண்ணீரில் நனைத்து, நிறங்கள் தனித்தனியாக மேலே ஏறுவதைப் பார்க்கிறோமே, அதேதான்! ஹான்ஸ் டுப்பி என்ற ஆஸ்திரிய இளைஞருடன் சேர்ந்து 30 பெட்டி வண்டியை 1951ல் முடித்தார். தாம்ப்சன் என்பவருடன் சேர்ந்து 21 பெட்டி வண்டியை 1953ல் முடித்தார். கந்தகப் பாலங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது 1955ல் தெரிந்தது. ஆக, 51 பெட்டிக்குப் பன்னிரண்டு வருஷம்.

புரதத்துக்கு நிலையான வரிசை உண்டு என்பது அன்றைக்குச் சந்தேகமில்லாமல் நிரூபணமானது. மாடு, பன்றி, ஆடு இவற்றின் இன்சுலினுக்கு இடையே ஒன்று முதல் மூன்று பெட்டிகளில்தான் வித்தியாசம் என்பதும் தெரிந்தது. மனித இன்சுலினுக்கும் பன்றியுடையதற்கும் 51ல் ஒரே ஒரு பெட்டிதான் வேறு. 1978ல் அமெரிக்காவில் பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலினைச் செய்ய வைத்து, 1982ல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டு வந்தார்களே, அதற்குத் தேவையான மரபணுவைச் செயற்கையாகக் கட்ட இந்த வரிசை கையில் இருந்ததுதான் அடிப்படை. வரிசை தெரியாமல் எதைக் கட்டுவது?

1958ல் நோபல். அதற்கு முன்னும் பின்னும் சில வருஷங்கள் சாங்கருக்கு ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. நிறைய சோதனைகள், கொஞ்சம்தான் பலன். ஒரு சோதனை ஊற்றிக் கொண்டால் அதையே நினைத்து உட்காராமல் உடனே அடுத்ததைத் திட்டமிடத் தொடங்கி விடுவது அவர் வழக்கமாம். நோபல் வாங்கியவர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் போயிருக்கலாம், அவர் போகவில்லை. 1962ல் கேம்பிரிட்ஜின் புதிய மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு மாறி, ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. பக்கம் திரும்பினார். ஆர்.என்.ஏ. பந்தயத்தில் முந்தியது 1965ல் ராபர்ட் ஹோலி என்ற அமெரிக்கர். சாங்கர் குழு 1967ல் 120 எழுத்துள்ள ஒரு ஆர்.என்.ஏ.வை முடித்தது. இதை வேகமாகத் தாண்டி விடுகிறேன், ஏனென்றால் ருசியான பகுதி டி.என்.ஏ.தான்.

டி.என்.ஏ.வில் பெட்டி நான்கே மாடல்: ஏ, டி, ஜி, சி. ஆனால் வண்டியின் நீளம் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில். உடைத்து ஒட்டும் பழைய வித்தை இங்கே எடுபடாது. சாங்கர் தலைகீழாக யோசித்தார். உடைப்பதற்குப் பதிலாகக் கட்டினால் என்ன? டி.என்.ஏ.வைப் பார்த்து நகல் கட்டும் ஒரு என்சைம் இருக்கிறது. ஒரு சோதனைக் குழாயில் என்சைமையும் நான்கு மாடல் பெட்டிகளையும் போட்டார். கூடவே, பின்பக்கக் கொக்கி இல்லாத 'ஏ' பெட்டிகளைக் கொஞ்சமாகக் கலந்து விட்டார். கட்டிக் கொண்டே வரும் என்சைம் 'ஏ' வர வேண்டிய இடத்தில் தற்செயலாகக் கொக்கி இல்லாத பெட்டியை மாட்டி விட்டால் அதற்கு மேல் எதையும் மாட்ட முடியாது. வண்டி அங்கேயே நின்று விடும். சில வண்டிகள் முதல் 'ஏ'யில் நிற்கும், சில ஐந்தாவது 'ஏ'யில். ஆக, 'ஏ' எங்கெல்லாம் இருக்கிறதோ அந்த நீளங்களில் எல்லாம் வண்டி கிடைக்கும். இதே போல் மற்ற மூன்று எழுத்துக்கும் மூன்று குழாய்.

நான்கையும் ஜெல்லி போன்ற மெல்லிய தகட்டின் மேல் முனையில் பக்கத்துப் பக்கத்தில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், குட்டை வண்டி வேகமாகக் கீழே ஓடும், நெட்டை மெதுவாக வரும். ஒரே ஒரு பெட்டி வித்தியாசம் கூடத் தனியாகத் தெரியும். கதிரியக்க அடையாளம் சேர்த்திருப்பதால் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடுகளாக விழும். கீழிருந்து மேலே, எந்தக் குழாயின் கோடு முதலில், எது அடுத்து என்று படித்துக் கொண்டே போக வேண்டியதுதான். ஏ, ஜி, ஜி, டி... எனக்கு இதைப் படித்தபோது கை தட்டலாம் போல இருந்தது.

1977ல் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் டி.என்.ஏ.வை அந்தக் குழு முழுசாகப் படித்தது. 5,386 எழுத்துகள். அதில் பெரும்பகுதி இதற்கு முந்தைய, 1975ல் செய்த வேறொரு முறையால் கிடைத்தது. கொக்கி முறை வெளியானதும் அதே 1977ல்தான். 1981ல் மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ., 16,569 எழுத்துகள். 1982ல் லாம்டா என்ற வைரஸ், 48,502. மனிதனின் சுமார் 300 கோடி எழுத்துகளைப் படித்து 2003ல் முடிந்ததாக அறிவித்த திட்டமும், இதே கொக்கி முறையைச் சாய நிறங்களும் இயந்திரமும் சேர்த்து ஓட்டியதுதான். (விடுபட்ட இடங்களைப் புதிய முறைகளால் நிரப்பி முடிக்க 2022 ஆகி விட்டது.) இன்று பெரிய வேலைகளுக்கு வேறு வேகமான முறைகள் வந்து விட்டாலும், சின்னத் துண்டுகளைச் சரிபார்க்க சாங்கர் முறை புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். 1977ல் வந்த அந்தக் கொக்கி முறைக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: சாங்கர், நிக்லன், கூல்சன். 1975 முறையில் இரண்டே பெயர்: சாங்கர், கூல்சன். ஜெல் தகட்டை மெல்லியதாக்கிக் கோடுகளைத் தெளிவாக விழ வைத்த 1978 கட்டுரையிலும் அதே இருவர். யார் இந்த ஆலன் கூல்சன்? பி.எச்டி. முடித்துவிட்டு வந்தவரா? இல்லை நண்பர்களே. லெஸ்டர் நகரில் அப்ளைடு பயாலஜியில் ஹையர் நேஷனல் டிப்ளமா முடித்துவிட்டு சாங்கரிடம் உதவியாளராக வந்தவர். டிப்ளமா!

"டிப்ளமாதானே..." என்று கல்யாண வீடுகளில் இழுக்கும் மாமாக்கள் நம் எல்லோருக்கும் உண்டு. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போனால்தான் மனுஷன் என்று நமக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. போகட்டும், நல்லதுதான், நானும் விண்ணப்பம் போடத்தான் போகிறேன். ஆனால் உலகத்தையே மாற்றிய ஒரு சோதனை முறையில் ஜெல் ஊற்றியவரின் கை ஒரு டிப்ளமாக்காரரின் கை என்பதை எந்த வினா-விடைப் புத்தகமும் சொல்லவில்லையே! 'சாங்கர் மற்றும் பலர்' என்று முடித்து விடுகிறார்கள். எனக்கு அந்த 'பலர்' மேலேதான் கண்.

சாங்கரின் சுபாவமும் இதற்கு ஒத்துப் போனது. பேசுவதை விட, எழுதுவதை விட, செய்வதுதான் அவருக்குப் பிடிக்கும். 'சர்' பட்டம் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றார். தன்னை யாரும் அப்படிக் கூப்பிடுவது பிடிக்கவில்லையாம். 1980ல் இரண்டாவது நோபல் வாங்கி, 1983ல் 65 வயதில் ஓய்வு பெற்று, தோட்ட வேலை பார்க்கப் போய்விட்டார். 2013 நவம்பர் 19ல், 95வது வயதில் காலமானார்.

கூல்சன் அதன் பிறகு ஜான் சல்ஸ்டனோடு சேர்ந்து, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவின் டி.என்.ஏ. வரைபடத்தைத் தயாரித்தார். 1998ல் அந்தப் புழுவின் முழு வரிசை வெளியானது. பல செல் விலங்கு ஒன்றின் டி.என்.ஏ. முழுசாகப் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. சாங்கரிடம் பள்ளிப் படிப்போடு உதவியாளராகச் சேர்ந்த இன்னொருவர் பார்ட் பாரல். 1967, 1977, 1981 கட்டுரைகள் மூன்றிலும் அவர் பெயர் இருக்கிறது. 1993ல் கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் பெயரில் தொடங்கிய மையத்தில் அவர் நோய்க்கிருமிகளின் டி.என்.ஏ. படிக்கும் குழுவை நடத்தினார். 1998ல் அந்தக் குழுவும் பாரிஸ் விஞ்ஞானிகளும் சேர்ந்து காசநோய்க் கிருமியின் 44 லட்சம் எழுத்துகளையும் படித்து வெளியிட்டார்கள்.