புதிய யாப்பும் எமது காணியும்

நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு வேண்டுமா என்ற வாதம் எழும்போதெல்லாம் எமது விவசாயக் குடும்பங்கள் கேட்பது ஒன்றையே: "இதால எங்கட காணி கிடைக்குமோ?" மேடைகளில் வாதாடுபவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்வது குறைவு. ஆகவே நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையோருக்கு ஓரளவு காப்பாக இருந்தது. 1972 ஆம் ஆண்டின் யாப்பில் அது இடம்பெறவில்லை. அதனை ஏற்க மறுத்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமது பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். 1978 இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது; ஒற்றையாட்சி தொடர்ந்தது.

1987 இல் வந்த 13 ஆம் திருத்தம் மாகாண சபைகளை அமைத்து, காணியை மாகாண நிரலில் சேர்த்தது. ஆனால் அதே திருத்தத்தின் பின்னிணைப்பு, அரச காணி குடியரசுக்கே உரியது என்கிறது. கொடுத்ததுபோலக் காட்டி எடுத்துக்கொண்டார்கள். அங்கே சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழுவும் அமைக்கப்படவில்லை. 2013 இல் உயர் நீதிமன்றம் அரச காணி அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளதெனத் தீர்ப்பளித்தது. பெர்மிட் காணியில் செய்கை பண்ணி, இடம்பெயர்ந்து, திரும்பிப் போகையில் அங்கே வன இலாகாவின் எல்லைக்கல்லைக் கண்டவருக்கு இத்தீர்ப்பின் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

2016 இல் பாராளுமன்றம் அரசியலமைப்புச் சபையாகக் கூடியது. 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. நாட்டின் தன்மையைக் குறிக்கச் சிங்களத்தில் 'ஏகிய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் அதில் எழுதினார்கள். இது ஒளித்து வைத்த சமஷ்டி என்றது தெற்கின் கூட்டு எதிரணி. இல்லை, இது பெயர் மாற்றிய ஒற்றையாட்சி என்றது தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி. பிரிக்கப்படாத நாட்டுக்குள் அதிகாரப் பகிர்வைப் பெறலாம் என்று நம்பி முயற்சியில் பங்குகொண்டது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. 2018 ஒக்டோபர் அரசியல் நெருக்கடியின் பின் அம்முயற்சி முன்னேறவில்லை. 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தியும் புதிய யாப்பை வாக்குறுதியாகத் தந்தது.

தெற்கின் எதிர்ப்பு முழுவதையும் இனவாதம் என்று தள்ளிவிடுவது சரியல்ல. காணியதிகாரம் மாகாணங்களுக்குப் போனால் வேறு மாகாணத்தில் தனக்கு ஒரு துண்டு நிலமும் கிடையாது என்று நிலமற்ற சிங்கள விவசாயி அஞ்சுகிறான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் ஓர் அச்சமுண்டு. முசலியில் வயல் செய்த அவர்களும் எம்மைப்போல் இடம்பெயர்ந்தவர்களே. காணியதிகாரம் யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ வந்துவிட்டால் ஏழைக்குத் தானாகவே நீதி கிடைக்கும் என்று நாமும் நம்பவில்லை. (விவிலியத்தின் யூபிலி ஆண்டில் காணி பழைய குடும்பத்துக்கே திரும்பியது, அதற்கு எந்த அலுவலகத்தின் கடிதமும் கேட்கப்படவில்லை!)

எனவே அடுத்த வரைவு வரும்போது 'ஒற்றையாட்சி', 'சமஷ்டி' என்ற சொற்களோடு நின்றுவிடாமல், காணியைப் பகிர்ந்தளிப்பவர் யார், முதலிடம் யாருக்கு என்ற பகுதியையும் தேடி வாசிக்க வேண்டும். வடக்கு கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கே முதலிடம் என்பது 1965 டட்லி–செல்வா ஒப்பந்தத்திலேயே இருந்தது.

ஒற்றையாட்சிப் பிரிவை மாற்றுவதற்கு 225 உறுப்பினர்களில் 150 பேரின் ஆதரவும், அதன்மேல் சர்வசன வாக்கெடுப்பில் மக்களின் சம்மதமும் வேண்டும். இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருப்பவர்கள் தமது பெயர் எந்தக் கிராம சேவகர் பிரிவின் வாக்காளர் இடாப்பில் உள்ளதென்பதை இப்பொழுதே விசாரித்து அறிந்துகொள்வது நல்லது.