.இன் யார் கையில்?

ஆரோவில்லை ஒட்டிய இரும்பையில் ஒருவர் செல்பேசியில் .இன் என முடியும் முகவரியைத் தட்டினால் என்ன நடக்கிறது? உலகப் பொதுவான வேர்ச் சேவையகம், ".இன் ஏட்டை வைத்திருப்பவரைக் கேள்" என்று கைகாட்டும். அந்த ஏடு தளத்தின் பெயர்ச் சேவையகத்தைக் காட்டும். எண் முகவரி அங்கே கிடைக்கும். (விடைகள் இடையிலேயே சேமிக்கப்படுவதால் ஒவ்வொரு முறையும் இத்தனை அலைச்சல் இல்லை.)

ஏட்டில் ஒரு வரியை நீக்கினால் போதும், அந்தப் பெயரில் தளத்தைத் தேடுபவருக்கு வழியே இருக்காது. நிர்வாகம் யாரிடம் என்ற கேள்வி பெரிதாவது இதனால்தான்.

1989-இல் இந்தியாவுக்கு .இன் கிடைத்தது. கட்டுப்பாடுகள் கெடுபிடியாக இருந்ததால் இந்தியர்களே .காம் பக்கம் போனார்கள். 2005-இல் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸி பொறுப்பேற்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. முந்தியவருக்கே பெயர் என்றால் அடுத்தவர் வணிகப் பெயரைப் பதுக்குவோர் வரத்தானே செய்வார்கள்? அதற்கு நடுவர் தீர்ப்பு முறையும் வந்தது.

எனக்குப் பிடித்தது வேலைப் பிரிவினைதான். விதி வகுப்பது நிக்ஸி, விற்பது பதிவாளர்கள், கணினிகளை ஓட்டுவது ஒப்பந்த நிறுவனம். 2019-இல் அந்த ஒப்பந்தம் அஃபிலியாஸிடமிருந்து நியூஸ்டாருக்கு மாறியது. பதிவு செய்தவர்களின் பெயர்கள் அப்படியே இருந்தன.