ஒட்டுத் தெரியாமல் ஒலியை இணைப்போம்

விட்டு வந்த ஊரைப் பற்றி எமது முதியவர்களுக்குத் தெரிந்தவை அநேகம். எந்தக் குளத்து நீர் எந்த வயலுக்கு எந்த முறையில் பாய்ந்தது, மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் எந்த நிலத்தில் விதைத்தார்கள், மேய்ச்சல் தரை எதுவரை இருந்தது என்பவை பெரும்பாலும் எழுத்தில் இல்லை. நினைவில் மட்டுமே உள்ளன. கைத்தொலைபேசி இருந்தால் இவற்றைப் பதிவு செய்வது எளிது. ஆனால் ஒரு மணி நேரப் பேச்சைப் பிள்ளைகள் இருந்து கேட்கக்கூடிய பத்து நிமிடமாக்க வேண்டுமானால் வெட்டவும் ஒட்டவும் வேண்டும். அந்த ஒட்டு வேலையைப் பற்றி இங்கு பார்ப்போம்.

இது எமது நாட்டுக்குப் புதியதன்று. மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட விவசாயிகளுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி ஆரம்பிக்கப்பட்டது. அதன் தயாரிப்பாளர்கள் கிராமங்களிலே தங்கி, மக்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்தார்கள்.

அக்காலத்தில் வானொலி நிலையங்களில் நாடாவை சவர அலகினால் சரிவாக வெட்டி ஒட்டுவது வழக்கம். நேராக வெட்டினால் ஓர் ஒலி சட்டென நின்று மற்றது சட்டெனத் தொடங்கும். இடையில் ‘டிக்’ என்று கேட்கும். 45 பாகையில் வெட்டினால் முதல் ஒலி தேயத் தேய அடுத்த ஒலி வளரும். கால் அங்குல நாடா செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும்போது, இந்த மாற்றம் ஏறத்தாழ ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கில் முடிந்துவிடும். கிடுகு வேயும்போது ஒன்றின் விளிம்பின் மேல் மற்றதை ஏற்றி வைக்கிறோம் அல்லவா? அதே முறைதான்.

இன்று கணினியில் இதையே செய்யலாம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒடாசிற்றி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இந்த வேலைக்குக் ‘குறொஸ்ஃபேட்’ என்று பெயர்.

செய்யும் முறை

1. பேச்சைத் தொடங்குமுன் அரை நிமிடம் எவரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவோம். காற்று, காகம், தகரக் கூரையின் சத்தம் எல்லாம் அதில் இருக்கும். வெட்டிய இடத்தில் இடைவெளி தேவைப்பட்டால் இதையே நிரப்ப வேண்டும். வெறும் நிசப்தத்தை வைத்தால் ஒலி அறுந்துபோனது போலக் கேட்கும்.

2. சொல்லின் நடுவிலோ மூச்சின் நடுவிலோ வெட்டலாகாது. ஒரு வசனம் முடிந்து, அடுத்த மூச்சு எடுக்குமுன் வெட்டுவோம்.

3. வெட்டும் பகுதியைத் தெரிவு செய்தபின் ‘இசட்’ விசையை அழுத்தினால், தெரிவின் எல்லைகள் ஒலி அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். ‘டிக்’ சத்தம் குறையும்.

4. ஒருவரே ஓரிடத்தில் பேசிய பேச்சானால் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை மேற்படிதல் போதும். வயலில் பதிந்ததையும் வீட்டில் பதிந்ததையும் இணைப்பதானால் இரண்டு மூன்று செக்கன் விடலாம். அப்போது இரண்டு ஒலியும் நேர்கோட்டில் தேய்ந்து வளர்ந்தால் நடுவில் ஓசை தாழ்ந்துவிடும். ‘கொன்ஸ்டன்ட் பவர்’ என்ற வகையைத் தெரிவு செய்தால் அந்தப் பள்ளம் விழாது.

5. இணைக்குமுன் இரண்டு பகுதிகளின் ஓசை அளவையும் சமப்படுத்துவோம். இணைத்தபின் திரையைப் பாராமல், காதுக்கருவியில் கேட்டுப் பார்ப்போம். ஒட்டைக் கண்டுபிடிப்பது கண் அல்ல, காதுதான்.

எச்சரிக்கை

ஒட்டுத் தெரியாமல் இணைக்கப் பழகியவுடன் ஒரு பொறுப்பும் எம்மீது விழுகிறது. “அந்த வயல் எங்களுடையது” என்று ஒரு பெரியவர் சொல்லி, இருமி, “என்று ஐயா சொல்லுவார், ஆனால் உறுதி பெரியப்பாவின் பெயரில்தான் இருந்தது” என்று முடிக்கிறார் என வைத்துக்கொள்வோம். இருமலை வெட்டினால் குற்றமில்லை. இருமலோடு பின்பாதியும் போய்விட்டால் காணியின் உரிமையே மாறிவிடுகிறது. ஒட்டு நன்றாக இருக்குமளவுக்கு அந்தத் தவறு எவருக்கும் தெரியாமலே போகும். ஊர் திரும்பும் நாளில் இரு குடும்பங்கள் அந்தப் பதிவினால் பகைத்துக்கொள்ள இடமுண்டு.

ஆகவே மூன்று ஒழுங்குகளைக் கைக்கொள்வோம். மூலப் பதிவில் கைவைக்காமல் அதன் பிரதியில் மட்டும் வெட்டுவோம். மூலத்தை இரண்டு இடங்களில் பாதுகாப்போம். எந்த நிமிடத்தில் எதை நீக்கினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். முடிந்த பதிவை, பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்டுவோம். “நான் சொன்னது இதுதான்” என்று அவர் ஒப்புக்கொண்ட பின்பே மற்றவர்களுக்குக் கொடுப்போம்.

காணி, குளம், எல்லை பற்றிய பேச்சானால் இயன்றவரை வெட்டாமலே விடுவது நல்லது. இருமலும் தயக்கமும் அங்கே சாட்சியத்தின் ஒரு பகுதி.