மாட்டு வெக்கை ஒழிந்தது எப்படி?

கொள்ளைநோய் என்றவுடன் 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனாதான் இன்று பலருக்கும் நினைவுக்கு வருகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் மாடு கன்று வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் முதியவர்களுக்கு அதைவிடப் பழைய கொள்ளைநோய் ஒன்றும் நினைவிருக்கும். அதுவே மாட்டு வெக்கை. அந்நோய் இன்று உலகில் எங்குமே இல்லை. மனிதருக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்ட நோய் இதுதான். இது ஒழிந்த விதத்தைத் தெரிந்துகொண்டால், கோமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் கிராமத்தார் செய்ய வேண்டியது என்ன என்பது விளங்கும்.

நோயின் கொடுமை

வெக்கை ஒரு வைரஸ் நோய். கடுமையான காய்ச்சலில் தொடங்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயில் புண் உண்டாகும். பிறகு நாற்றத்துடன் இரத்தம் கலந்த கழிச்சல் கண்டு, மாடு சில நாட்களில் இறந்துவிடும். நோய் புதிதாக நுழைந்த இடங்களில் பத்து மாடுகளில் எட்டு, ஒன்பது வரை மடிந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோய் ஆப்பிரிக்காவில் பரவியபோது, எத்தியோப்பியாவில் உழவு மாடுகள் இல்லாமல் நிலங்கள் தரிசாகிப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. மாடு போனால் ஏரும் போகிறது, எருவும் போகிறது, பாலும் போகிறது என்பதைச் சிறு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து பக்கத்திலேயே இருந்தது

இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வெக்கைக்கான தடுப்பு மருந்தும் அங்கே தயாராயிற்று. 1954இல் மத்திய அரசு வெக்கை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நூற்றுக்கு எண்பது மாடுகளுக்காவது தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்பது குறிக்கோள். நோய் பெருமளவு குறைந்தது. ஆனால் முற்றிலும் ஒழியவில்லை. நாட்டின் கடைசி வெக்கை நோய்க் கிளர்ச்சி 1995இல் பதிவாயிற்று. அது பதிவான இடம், மருந்து தயாரித்த இராணிப்பேட்டையையே உள்ளடக்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டம்!

மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நோய் ஏன் நீடித்தது? ஆண்டுதோறும் பிறக்கும் கன்றுகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இராது. ஒரு முறை ஊசி போட்டதோடு நிறுத்தினால், இரண்டு மூன்று ஆண்டுகளில் நோய் பற்றக்கூடிய மாடுகள் ஊரில் மீண்டும் பெருகிவிடும். சந்தைக்குச் சந்தை, மாவட்டத்துக்கு மாவட்டம் மாடுகள் நடந்துகொண்டே இருந்ததும் ஒரு காரணம். சீக்கு மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடும்போது, நோயும் அதனுடன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

வீடு வீடாகக் கேட்டார்கள்

இறுதிக் கட்டத்தில் முறை மாறியது. தடுப்பூசி போட்ட மாட்டின் இரத்தத்தையும் நோய் வந்து பிழைத்த மாட்டின் இரத்தத்தையும் சோதனையில் பிரித்தறிய இயலாது. ஆகவே நோய் அடங்கியதும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, தேடும் பணி தொடங்கியது. கால்நடை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் கிராமம் கிராமமாகச் சென்று, ‘வாய்ப்புண்ணும் கழிச்சலுமாக மாடு ஏதேனும் கிடந்ததா?’ என்று விசாரித்தார்கள். மாடுகள் நடத்திச் செல்லப்படும் வழிகளிலும் தேடினார்கள். அதிகாரி கேட்டதற்கு விவசாயி மறைக்காமல் சொன்னால்தான் இந்த வேலை நடக்கும். பல ஆண்டுகள் தேடியும் நோய் தென்படாத பிறகே, 2006இல் இந்தியா வெக்கை இல்லாத நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்று செய்ய வேண்டியவை

வெக்கைக் கிருமிக்கு உறவான ஆட்டுக்கொல்லி நோய் நம் நாட்டில் முதன்முதலாக 1987இல் அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. அது இன்னும் ஒழியவில்லை. கோமாரியும் அப்படியே. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

1. கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். முகாம் நடக்கும் நாளில் சினை மாடு, கறவை மாடு என்று சொல்லி ஒளித்து வைக்காமல், மருத்துவரிடம் காட்டி அவர் சொல்படி நடப்பது நல்லது. கன்றுகளுக்கு நான்கு மாதம் முடிந்ததும் முதல் ஊசி போட வேண்டும்.

2. ஒரு மாட்டுக்கு நோய் என்று சந்தேகம் வந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, மாடு வைத்திருப்பவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்லலாம். அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பார்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு நேரில் சென்றும் சொல்லலாம். அவசர உதவிக்கு 1962 என்ற தொலைபேசி எண் உள்ளது.

3. நோயுற்ற மாட்டைத் தனியே கட்ட வேண்டும். பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டக்கூடாது. நல்ல மாடுகளைக் கறந்த பிறகே அதைக் கறக்க வேண்டும். கோமாரி கண்ட தொழுவத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துக் கழுவலாம்.

4. ஊரில் நோய் இருக்கும்வரை பொய்கை முதலான சந்தைகளுக்கு மாடு ஓட்டிச் செல்லக்கூடாது. சந்தையில் வாங்கி வந்த மாட்டை மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் வைத்திருக்க வேண்டும்.

5. மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்தால், அது அடைப்பானாக இருக்கலாம். தோலுக்கு நல்ல விலை கிடைக்கும் வட்டாரம் இது என்பதற்காக அம்மாட்டை உரிக்கக்கூடாது. அடைப்பான் மனிதரையும் கொல்லும். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைத்துவிட வேண்டும்.

ஊராரின் பங்கு

நோயை மறைப்பவரைக் குறை கூறுவது எளிது. வெளியே சொன்னால் பாலை வாங்கமாட்டார்கள், மாடு விலை போகாது என்ற பயத்தால்தான் அவர் மறைக்கிறார். ஒரே ஒரு மாட்டை நம்பியிருக்கும் வீட்டில் அந்தப் பயம் நியாயமானதே. கொரோனாக் காலத்தில் தனித்திருந்த வீட்டின் வாசலில் அரிசியும் காய்கறியும் கொண்டுபோய் வைத்த அக்கம்பக்கத்தார் பலர் உண்டு. மாட்டுக்கு நோய் கண்ட வீட்டுக்கும் அந்த ஆதரவு தேவை. அந்த வீட்டார் மற்றவர் தொழுவத்துக்குப் போகாமலிருக்க, தீவனத்தை அவர்கள் வேலியோரம் கொண்டுபோய்ப் போடலாம். உழவுக்கு ஒரு நாள் ஏர் கொடுத்து உதவலாம். ஊராட்சித் தலைவரும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் முன்னின்று இதை ஏற்பாடு செய்தால், நோயை மறைக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வராது.

முதல் மாடு நோயுற்ற அன்றே மருத்துவருக்குச் செய்தி எட்டினால், சுற்றுக் கிராமங்களின் மாடுகளுக்கு உடனே ஊசி போட்டுவிடலாம். ஒரு வாரம் தாமதித்தால் ஊரே தவிக்க நேரிடும்.