நாளைக்கு வீடு பார்க்க வாறாவ!

வாங்க, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் என் பின்னாலேயே வாங்க. தெருவாசல் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அங்கே ஆசாரி கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விடியற்காலையிலிருந்து என்னவோ துளைத்துக்கொண்டிருக்கிறார். நிலைப்படியில் யார் நிழல் விழுந்தாலும் கத்துகிறார். அதனால் ஆற்றங்கரையோடு சுற்றி, புறவாசல் வழியாக நுழைகிறோம்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் இந்த வீட்டை விலைக்குப் பார்க்க வருகிறது. கழுவித் துடைத்த தரை, புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கு, ஒட்டடை இல்லாத உத்திரம் எல்லாம் அவர்களுக்கு. அதற்கு முந்தின நாள் மட்டும் நமக்கு! இது என் சிநேகிதி பிறந்த வீடு. “ஒத்தாசைக்கு வா” என்று கூப்பிட்டிருந்தாள். எழுதலாம் என்று நோட்டும் பேனாவுமாக வந்து இறங்கினேன். இரண்டையும் வாங்கி மாடக்குழியில் வைத்துவிட்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஓர் ஊர். விலை படிகிற வரைக்கும் பேரை எழுதக் கூடாது என்று தரகர் அண்ணாச்சி சத்தியம் வாங்கியிருக்கிறார். திருப்புடைமருதூரைச் சொல்லிக்கொள்ளலாம், அது பக்கத்து ஊர்தானே. கடனாநதி தாமிரபரணியில் வந்து சேருகிற ஊர் அது. ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்ட கருவூர்ச் சித்தர் கூப்பிட, நாறும்பூநாதர் காது கொடுத்துக் கேட்கத் தலையைச் சாய்த்தாராம். இன்றைக்கும் லிங்கம் சாய்ந்தபடிதான் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும். 2005-இல் அந்த இடத்தைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்தார்கள். அங்கே இடம் கிடைக்காத நாரைகள் இங்கே புறவாசல் மருத மரத்தில் குடியிருக்கின்றன. தலைக்கு ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுக்களையைத் தாண்டி இரண்டாங்கட்டு. கொத்தனார் கடுக்காய் ஊறிய தண்ணீரில் கருப்பட்டியைக் கரைக்கிறார். சுவரில் காரை பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்பில்தான் பூச வேண்டுமாம். “சிமெண்டுக்கும் இந்தச் சுவருக்கும் ஜாதகம் பொருந்தாது, ரெண்டே மழையில பிச்சுக்கிட்டுப் போயிரும்” என்கிறார். அவர் சுண்ணாம்பு எடுக்கத் திரும்பின நேரத்தில் சென்னைப் பேரன் சட்டிக்குள் விரலை விட்டு நக்கிவிட்டான். முகம் முதலில் சுருங்கி, பிறகு மெல்ல மலர்ந்தது. நேற்றுப் பூசின இடத்திலோ கட்டெறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருக்கிறது. “பெங்களூர்க்காரவுகளுக்கு முந்தி இவுக வந்து வீட்டப் பாத்துட்டாவ” என்று மதினி எறும்பைத் தட்டிவிடுகிறார்.

அதே சுவரில் காவியால் இழுத்த இரண்டு கோடுகளைப் பார்த்தீர்களா? இடுப்பளவில் ஒன்று, ‘ஐப்பசி 92’. முழங்காலுக்குக் கீழே மற்றொன்று, ‘மார்கழி 23’. இரண்டும் ஆறு வீட்டுக்குள் வந்து போன உயரம். சிநேகிதியின் அண்ணன் தம்பிகளில் சின்னவர் கையில் வெள்ளையடிக்கிற மட்டையோடு நிற்கிறார். அழிக்கலாம் என்பது அவர் கட்சி. அழித்தால் பொய்யாகிவிடும் என்பது பெரியவர் கட்சி. தரகர் அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார்: மேலே ஒரு காலண்டர், கீழே ஒரு காலண்டர். மாட்டியும் விட்டார்கள். முழங்காலுக்குக் கீழே நாள் பார்க்கிற வீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. சிநேகிதியின் அம்மா, ஆச்சி, வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரண்டையும் கழற்றிப் பேரன் கையில் கொடுத்தார். “கோட்ட மறச்சா ஆறு மறந்துருமா? வாறவன் தெரிஞ்சே வரட்டும்.” மட்டை வாளிக்குள் போய்விட்டது.

இது பட்டாசல். வீட்டின் நடுக்கூடம். எட்டுத் தூண், எல்லாம் பர்மாத் தேக்கு. கை வைத்துப் பாருங்கள், மாசி மாத வெயிலிலும் சில்லென்று இருக்கும். ஆள் சாய்ந்து உட்காருகிற உயரத்தில் மட்டும் எண்ணெய்த்தலை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளக்கிறது. போன மாதம் ஒருவர் வந்தாராம். எத்தனை அறை என்று கேட்கவில்லை, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை. தூணை எண்ணினார், உத்திரத்துக்கு டேப் பிடித்தார், கன அடிக் கணக்கைக் கைப்பேசியில் போட்டார். அவர் வாங்க வந்தது மரத்தை. ஆச்சி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். “பிரிச்சாலும் மரியாதையாப் பிரிக்கலாம். முட்டுக்காட்டுல தட்சிணசித்ரானு ஒரு இடம், 1996-ல தொறந்தது. நம்ம ஜில்லா அக்கிரகார வீட்டக் கொண்டுபோயி அங்க நிப்பாட்டி வச்சிருக்காங்க” என்றார் பெரியவர். “அந்த வீட்டுல சோறு பொங்குதாவளா?” என்று ஆச்சி கேட்டாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மச்சுக்கு ஏறலாமா? ஏணியில் ஐந்தாவது படி இல்லை, பார்த்து. உள்ளே வௌவால் வாடை, நெல் வாடை, பழைய காகித வாடை. குனிந்தபடியே இரண்டு மணி நேரம் தள்ளினோம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிடைத்ததைச் சொல்கிறேன்: பதினொரு குடை, ஒன்றும் விரியாது. சாக்கு நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஒன்றுக்கும் மூடி கிடையாது. சுருட்டி வைத்த பத்தமடைப் பாய் ஒன்று, பட்டுத்துணி மாதிரி மடங்குகிறது, விளிம்பில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்திருக்கிறார்கள். பெண், நம் ஆச்சிதான். ஒரு தகரப் பெட்டிக்குள் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்: சாயம் மங்கின மரத்தில் கடைந்த அடுப்பு, பானை, திருகை. ஐம்பத்தெட்டு வயது சிநேகிதி அப்படியே புழுதியில் உட்கார்ந்து அடுப்பு மேல் பானையை ஏற்றிவிட்டாள். கீழேயிருந்து, “என்னளா, மேல ஒரு சத்தத்தயும் காணும்?” என்று மதினி குரல். “சோறு வடிக்கேன் மதினி!”

பன்னிரண்டு மணிக்குப் படம் பிடிக்கத் தரகரின் பையன் வந்தான். பட்டாசலிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் அரங்கு என்கிற உள்ளறைக்குள் ஓடின. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு சுங்குடிச் சேலையைப் போர்த்தினோம். அடுத்த வீட்டிலிருந்து ஓர் உருளி இரவல் வந்தது. அவன் என்ன லென்ஸ் போட்டானோ, படத்தில் பட்டாசல் கல்யாண மண்டபமாகத் தெரிகிறது. நிலைக்கு மேல் செதுக்கியிருந்த எண்ணையும் பிடித்துக்கொண்டு, விளம்பரத்துக்கு அவனே வாசகம் எழுதிக் காட்டினான்: ‘சோழர் காலத்து வீடு, 1084-இல் கட்டியது.’

பெரியவர் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். “ஏ, குலோத்துங்கனா வந்து தார்சா வச்சுக் கெட்டுனான்? இது கொல்லம் ஆண்டுடே. 825-ஐக் கூட்டிப் பாரு.” கூட்டினான். 1909. கட்டினவர்கள் அந்த நாளில் இந்தப் பக்கத்து வழக்கப்படி ஆண்டு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பையன் முகம் வாடிப்போயிற்று. எண்ணூறு வருஷம் ஒரே நொடியில் போனால் யாருக்குத்தான் வாடாது?

மத்தியானச் சாப்பாடு கூட்டாஞ்சோறு. வீட்டில் மிச்சமிருந்த காயெல்லாம், அரிசியும் பருப்புமாக ஒரே பானையில். நாளைக்கு அடுப்பு மேடையைக் கழுவி வைக்க வேண்டும் என்பதால் இப்படி. கொத்தனார், சித்தாள், ஆசாரி, அண்ணன் தம்பி எல்லாருக்கும் வரிசையாக இலை. பேச்சு பத்திரத்துக்குப் போனது. மூலப்பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்று வாங்கியாயிற்று. பங்கு ஏழு. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெண்மக்களுக்கும் சரிபங்கு என்பதால் அக்கா தங்கச்சிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வந்தாக வேண்டும். “அதுக்கு முந்தி எங்கள தீபாவளிக்குத்தான் கூப்பிடுவாவ” என்று சின்ன அக்கா அப்பளத்தை நொறுக்கினாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நியூஜெர்சியிலிருக்கும் பங்காளி கைப்பேசியில் வந்தார். அங்கே இன்னும் விடியவில்லை. ஊஞ்சல் விலையில் சேர்த்தியா இல்லையா என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. முக்கால் மணி நேரம் பேசி, பலகை இவர்களுக்கு, சங்கிலி அவருக்கு என்று முடிவாயிற்று. சங்கிலியை மட்டும் வைத்து என்ன செய்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்தது. உடம்பெல்லாம் சுண்ணாம்பு, தலையெல்லாம் ஒட்டடை. ஆற்றுக்குப் போய் ஒரு முங்கு போட்டு வரலாம் என்று கிளம்பினோம். ஆச்சியும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் ஆசாரி எழுந்து, துளைத்த தூளை ஊதிவிட்டு, “முடிஞ்சிது” என்றார். எட்டிப் பார்த்தேன். கதவின் வெளிப்பக்கம் புதுசாக ஒரு கொண்டி, ஒரு நாதாங்கி. நூறு வருஷத் தேக்கில் நாலு திருகாணி இறங்க ஒரு பகல் ஆகியிருக்கிறது.

“இதுக்கு முந்தி எப்படிப் பூட்டினீங்க?”

“எதுக்குப் பூட்டணும்? உள்ள ஆள் இல்லாம என்னைக்கு இருந்துச்சு?” என்றார் ஆச்சி.

உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது, குறுக்குக் கட்டை இருக்கிறது. வெளியே ஒன்றுமே இருந்ததில்லை. வெள்ளத்தன்றுகூடப் பெரியவரும் சின்னவரும் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் தரகர் அண்ணாச்சி. “கிரயம் முடிஞ்சா சாவிய கையில கொடுக்கணும்லா? சாவியே இல்லாத வீட்ட எப்படிய்யா கைமாத்துறது?” என்று அவரே திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார். பூட்டோடு சாவி மூன்று. பங்கு ஏழு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆச்சி பூட்டை வாங்கி மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, மூன்று சாவியையும் தன் முந்தியில் முடிந்துகொண்டார்.

படித்துறையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பொழுது சாய நாரைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. ஈரத்துணியோடு தெருவழியாக வீட்டுக்கு நடந்தோம். எல்லாருக்கும் முன்னால் போன ஆச்சி படியேறி, கதவுக்கு முன்னால் நின்று, எப்போதும் போல மூன்று தரம் தட்டினார்.